முடியும் என்றால் இரண்டு மார்க்

பன்னிரண்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதர் மறுபடி நேராக நடப்பாரா, இல்லை காலை இழுத்துக்கொண்டு திரிவாரா என்பதை அந்த ஆஸ்பத்திரியில் இந்த எண்தான் முடிவு செய்தது.

விஷயம் இதுதான். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களிடம் ஓர் அம்மா வந்து பத்துக் கேள்வி கேட்பார். தனியாக எழுந்திருக்க முடியுமா, குளிக்க முடியுமா, படி ஏற முடியுமா, இப்படி. 'முடியும்' என்றால் இரண்டு மார்க். 'யாராவது பிடித்தால் முடியும்' என்றால் ஒன்று. 'முடியாது' என்றால் பூஜ்யம். மொத்தம் இருபது. பன்னிரண்டோ அதற்கு மேலோ வாங்கினால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். பன்னிரண்டுக்குக் கீழே வாங்கினால்தான் கீழ் வார்டு. பலகையில் 'மறுவாழ்வு வார்டு' என்று எழுதியிருந்தார்கள். தரைத்தளத்தில் இருந்ததால் எல்லோர் வாயிலும் அது கீழ் வார்டு. அங்கே காலையும் மாலையும் பிசியோ பக்கத்தில் நின்று முட்டியை மடக்க வைப்பார், நீட்ட வைப்பார், கம்பியைப் பிடித்து நடக்க வைப்பார். அழுதாலும் விடமாட்டார். புது முட்டிக்கு அதுதான் மருந்து.

பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் அடி விழும். இங்கே மார்க் கூடினால் அடி. இந்தச் சூட்சுமம் தெரியாமல் இருபதுக்குப் பதினெட்டு வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார் நம்ம ஹோட்டல் சர்வர்.

அவர் மனைவிக்கு மின்சார அலுவலகத்தில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கரண்ட் போனவர்களின் வசவை எல்லாம் வாங்கிப் புகாராகப் பதிவு செய்கிற வேலை. அன்றைக்கு வசவு கொஞ்சம் அதிகம். தலைவலியோடு வார்டுக்குள் நுழைந்தவளை, பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவர் பிடித்துக்கொண்டார். இடுப்பு மாற்றிக்கொண்டு மல்லாந்து கிடந்தவர். பேச ஆள் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் பாஸாயிட்டாரு. பதினெட்டு!"

"எதுல பாஸ்?"

"மார்க் மேடம் வந்துச்சு. நின்னுக்கிட்டே எழுதுச்சு. இவருக்குப் பொறுக்கல. 'உக்காருங்க மேடம், உக்காருங்க'ன்னு வாக்கரைப் பிடிச்சு எந்திரிச்சு, அந்த மூலையில கிடந்த நாற்காலியை நகத்திப் போட்டாரு. வலியில பல்லு கிட்டிப்போச்சு. மூஞ்சில மட்டும் சிரிப்பு. அந்த அம்மா அசந்துபோச்சு போ!"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் போர்வையை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார், மேஜை விரிப்பில் சுருக்கம் எடுப்பவர் மாதிரி.

"என்ன கேட்டாங்க?"

"எந்திரிக்க முடியுமான்னாங்க. முடியும்னேன்."

"முடியுமா?"

"அவங்க கேக்கும்போது முடிஞ்சுது."

"குளிக்க?"

"முடியும்னேன்."

"நேத்து பாத்ரூம் வாசல்ல ரெண்டு பேர் சேந்து ஒருத்தரத் தூக்கினாங்களே, அது யாரு? உங்க அண்ணனா?"

"அவங்க பாவம்மா. எத்தனை பேரைப் பாக்கணும். ஒவ்வொண்ணுக்கும் முடியாது முடியாதுன்னா மனசு கஷ்டப்படாதா?"

"அந்த ரெண்டு மார்க் எதுல போச்சு?"

"வீடு எந்த மாடின்னாங்க. மூணாவது, லிஃப்ட் இல்லைன்னேன்."

"அதை மட்டும் உங்களால ஒண்ணும் பண்ண முடியல. முடிஞ்சிருந்தா அவங்களுக்காக வீட்டையும் கீழ இறக்கி வெச்சிருப்பீங்க."

லாரி டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு ஏன் வயிறு எரிந்தது என்று தெரிய வேண்டுமானால் இந்த மனிதரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மேஜை துடைக்க ஹோட்டலுக்குள் போனபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. சமையலறை கீழே, குடும்ப ஹால் மாடியில். தட்டுகளை அடுக்கிய ட்ரேயைத் தோளுக்கு மேல் ஏந்தி ஏறி இறங்கியே வலது முட்டி தேய்ந்தது. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் 'இதோ வந்துட்டேன்' என்பார். அதனால் அவர் பெயரே 'வந்துட்டேன்' என்று ஆகிப்போனது. முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார், தண்ணீர் லாரிக்காரனும் அப்படித்தான் கூப்பிட்டான்.

சாப்பாடு ஏற்றி இறக்க ஒரு சின்ன லிஃப்ட் வைக்கச் சொல்லி ஒரு தடவை சங்கத்தில் பேச்சு எழுந்தது. முதலாளி கெட்டிக்காரர். யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்டார். "என்னப்பா வந்துட்டேன், மாடி ஏற உனக்குக் கஷ்டமா இருக்கா?" இவர், "அதெல்லாம் இல்ல சார், முடியும்" என்றார். லிஃப்ட் அன்றோடு படுத்தது. சங்கம் என்று சொன்னேனே, அங்கே இரண்டு சங்கம். ஒன்றுக்கொன்று ஆகாது. இவர் இரண்டுக்கும் சந்தா கட்டினார். ஒரு சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்த அன்று காலையில் கொடி பிடித்தார், மதியம் ட்ரே பிடித்தார். இரு தரப்பும் அவரைக் கிழிகிழியென்று கிழித்தன. இரு தரப்புக்கும் தலையை ஆட்டினார்.

கெட்டவர் இல்லை. கோழையும் இல்லை. ஒருமுறை சமையலறையில் தீப்பிடித்தபோது எல்லோரும் வெளியே ஓட, இவர்தான் உள்ளே போய் கேஸை மூடியவர். எதிரே ஓர் ஆள் நின்று முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டுவிட்டால் மட்டும் 'முடியாது' என்ற சொல் அவருக்குத் தொண்டையைத் தாண்டாது. வேலை அப்படி வளர்த்திருந்தது. மேஜையில் உட்கார்ந்தவரிடம் முடியாது என்று சொன்ன சர்வருக்கு அடுத்த நாள் மேஜை இருக்காது.

இதே ஹோட்டலின் டீ மாஸ்டரும் போன வருஷம் முட்டி மாற்றிக்கொண்டார். நேராக வீட்டுக்குப் போனார். வீட்டில் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். காலை அசைக்கவே விடவில்லை. முட்டி பாதி மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டது. இப்போது வாசலில் உட்கார்ந்து பார்சல் கட்டுகிறார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தக் காலில் இடறுகிறார்கள். மானேஜர் சர்வரிடமும் நேரடியாகவே சொல்லியிருந்தார்: "நடந்து வந்தா ஜன்னலோர மேஜை பூரா உனக்கு. இல்லன்னா டீ மாஸ்டர் பக்கத்துல இன்னொரு ஸ்டூல்."

அந்த ஸ்டூலில் இவர் உட்கார்ந்தால் செத்துப்போவார் என்று அவளுக்குத் தெரியும். வலியில் அல்ல, வெட்கத்தில்.

அவள் நேராக நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்கு மறுபடி மார்க் போடணும்."

"எதுக்கும்மா? நல்ல மார்க்காச்சே."

"அதான் பிரச்சனை. அவருக்குக் கீழ் வார்டு வேணும்."

"கீழ் வார்டு கட்டில்னா என்ன சும்மாவா? மொத்தமே பத்து. கஷ்டப்படுறவங்களுக்கே பத்த மாட்டேங்குது. இவர் நல்லாத்தானே இருக்காரு?"

"நல்லா இல்ல சிஸ்டர். நல்லா சிரிக்கிறாரு. ரெண்டும் வேற."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, நாளைக்கு மறுநாள் மார்க் மேடம் இன்னொரு தடவை வருவார், அதற்குமேல் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

அதற்குள் சொந்தக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். முதலில் அவளுடைய தம்பி. வேனில் தண்ணீர் கேன் போடுகிறவன். அவன் கேன் போடுகிற இடம் எல்லாம் அவனுக்குச் சொந்த இடம்.

"அக்கா, நீ ஏன் இந்த மார்க்கைக் கட்டிக்கிட்டு அழுவுற? ஊருக்கு வெளிய ஒரு இல்லம் இருக்கு. ஆபரேஷன் ஆனவங்களுக்குன்னே. வாசல்ல தோட்டம், பெரிய டிவி, எந்நேரமும் ஆயா. நான் பேசிட்டேன்."

"யாருகிட்ட கேட்டுப் பேசின?"

"மாமாகிட்டதான். சரின்னாரு."

அவள் அந்த இல்லத்தை நேரில் போய்ப் பார்த்தாள். தோட்டம் இருந்தது. டிவி இருந்தது. டிவிக்கு எதிரே வரிசையாக நாற்காலி, நாற்காலிதோறும் ஒருவர், ஒவ்வொருவர் முன்னாலும் ஸ்டூலில் தூக்கி வைத்த கால். பயிற்சி அறை என்று காட்டிய இடத்தில் ஒரு சைக்கிள் மிஷின் நின்றது. அதன்மேல் பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது.

"பயிற்சி எப்போ குடுப்பீங்க?"

"ரெஸ்ட்தாம்மா முக்கியம்" என்றார் மேற்பார்வையாளர். "ரெஸ்ட் எடுத்தா எல்லாம் தானா சரியாயிடும்."

வெளியே வரும்போது ஒரு பெரியவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஏம்மா, ரொம்ப நேரமா டாய்லெட் போகணும்னு சொல்லிக்கிட்டிருக்கேன். உள்ள யாராவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறியா?"

அவள் உள்ளே போய்ச் சொன்னாள். சொன்ன விதத்தில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வேனில் திரும்பி ஏறியதும் தம்பியைப் பார்த்து, "தண்ணி கேனை எங்க வேணா இறக்கு. என் புருஷனை இங்க இறக்கின, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றாள்.

"ஏன்க்கா, மாமாவே சரின்னுட்டாரு..."

"உங்க மாமா எதுக்குடா சரின்னு சொல்லல?"

அடுத்தது மகள். வேறு ஊரில் குடும்பம். வீடியோவில் வந்தாள்.

"அம்மா, அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடுறேன். லிஃப்ட் இருக்கு. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு. பிசியோ ஆன்லைன்ல சொல்லிக் குடுப்பாங்க."

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா யாருடி இருப்பா?"

"கேமரா வெச்சுடுறேன்மா. ஆபீஸ்லேருந்தே பாத்துக்குவேன்."

"காலுக்குக் கேமரா எதுக்குடி? கல்யாணமா நடக்குது?"

"அப்பா சரின்னுட்டாரும்மா. நான் லீவுகூடப் போட்டுட்டேன்."

அவள் போனை மடியில் வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் பார்த்தாள். 'சரி' என்று சொன்னவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிகிட்ட சரின்னீங்களா?"

"அவன் ஆசையா கேட்டாம்மா."

"பொண்ணுகிட்ட?"

"அது அழற மாதிரி கேட்டுச்சு."

"என்கிட்ட கீழ் வார்டுக்கு சரின்னீங்க."

"உனக்கும் சரிதான்."

"ஒரு காலை வெச்சுக்கிட்டு மூணு இடத்துக்கு எப்படிங்க போவீங்க? அறுத்துப் பங்கு போடவா?"

அவர் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பேசாம ஹோட்டல்லயே கீழ ஒரு ரூம் இருக்குல்ல, பசங்க தூங்குறது, அங்க..."

"அங்க படுத்தா யாராவது 'வந்துட்டேன்'னு கூப்பிடுவான். நீங்க சூப்பைத் தூக்கிக்கிட்டு நொண்டுவீங்க. வாயை மூடுங்க."

வீட்டிலேயே வைத்துக்கொள்வதையும் அவள் நினைத்துப் பார்க்காமல் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை பிசியோ மூன்று மாடி ஏறி வருவார். இவர் அவரை உட்காரவைத்து, வேர்க்கிறதா என்று கேட்டு, மின்விசிறியைப் போட்டு, காபி கொடுத்து, வலியே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் அவள் ஹெட்போனுக்குள் இருப்பாள். முட்டி இறுகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளே மார்க் மேடம் ஆனாள்.

"கேளுங்க. எங்க ஆபீஸுக்கு ஒருத்தன் போன் பண்ணி 'கரண்ட் சுத்தமா இல்ல'ன்னா லைன்மேன் உடனே போவான். 'கொஞ்சம் மங்கலா எரியுதுங்க, பரவால்ல'ன்னா அவன் புகார் கடைசியில கிடக்கும். நீங்க மங்கலா எரியறவர். நாளைக்கு இருட்டுன்னு சொல்லணும். புரியுதா?"

"புரியுது."

"படி ஏற முடியுமா?"

"மு..."

"ம்?"

"முயற்சி பண்றேன்."

"முயற்சிக்கு ஒரு மார்க். தப்பு. மறுபடி."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"அடப்பாவி மனுஷா! முடியும்னு சொல்றதுதான் பொய்!"

லாரி டிரைவர் தலையணையிலிருந்து கற்றுக்கொடுத்தார். "அண்ணே, என்னைப் பாரு. நான் வாங்கினது ஆறு. நாளைக்குக் கீழ போறேன். மூஞ்சியைக் கடன்காரனப் பாத்த மாதிரி வெச்சுக்க. பல்லைக் காட்டாத. 'முடியாது'ன்னுட்டு வாயைப் பூட்டு. அவ்ளோதான்."

"முடியாது" என்றார் சர்வர்.

"இன்னும் சத்தமா!"

"முடியாது!"

அந்த வழியாகப் போன துப்புரவு அம்மா நின்று, "என்ன அண்ணே, என்ன வேணும்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்" என்று உடனே பல்லைக் காட்டினார் சர்வர். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்க் மேடம் இரண்டாம் தடவை வந்தபோது அவள் லீவு போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். சாப்பிடுவது, சட்டை மாட்டுவது மாதிரி நிஜமாகவே முடிகிற நான்கு விஷயத்துக்கு முடியும் என்றார். நியாயம். பிறகு குளியலறை வந்தது.

"தனியா போக முடியுமா?"

சர்வர் மனைவியைப் பார்த்தார். லாரி டிரைவரைப் பார்த்தார். திருட்டை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி தலையைக் குனிந்தார்.

"முடியாது."

அவளுக்குக் காலடியில் தரை கொஞ்சம் உறுதிப்பட்டது. மார்க் மேடம் பூஜ்யம் எழுதத் தாளில் பேனாவை வைக்கப் போனார். மேடம் அன்றைக்கு எத்தனை கட்டிலருகே நின்று வந்தாரோ, கண்ணுக்குக் கீழே கருவளையம். சர்வர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்திருக்கக் கூடாது.

"ஆனா பாத்துக்கலாம் மேடம்" என்றார்.

பேனா கொஞ்சம் நகர்ந்து ஒன்று என்று எழுதியது.

அதன்பிறகு ஒவ்வொரு 'முடியாது'வின் வாலிலும் ஒரு 'பாத்துக்கலாம்' தொங்கியது. எழுந்திருக்க முடியாது, பாத்துக்கலாம். குளிக்க முடியாது, பாத்துக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். மூன்றாம் மாடிப் படிக்கு மட்டும் பழைய பூஜ்யம். அவள் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று கையை வீசினாள், விரலை உதட்டில் வைத்தாள், கும்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

மொத்தம் பதின்மூன்று.

"ஒண்ணு ரெண்டு மார்க்கைப் பெருசா பாக்காதீங்கம்மா" என்றார் மார்க் மேடம். "வீட்டுக்குப் போற அளவுக்குத் தேறிட்டாரு. நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ்."

அந்த இரவு அவள் அவரோடு பேசவில்லை. அவர் ஆப்பிளை அரிந்து கொடுத்தார். வாங்கவில்லை.

காலையில் தம்பி வேனோடு வந்து நின்றான். பின்னால் புது மெத்தை. அந்த இல்லத்தில் மெத்தை சரியில்லை என்று இவனே வாங்கியிருந்தான். அதே நேரம் மகள் காரில் வந்து இறங்கினாள், கையில் தைலம், தலையணை, கேமரா பெட்டி. இருவரும் கட்டிலின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். சர்வர் நடுவில் கிடந்தார், ஒரே மேஜைக்கு இரண்டு குடும்பம் வந்துவிட்ட மாதிரி.

"மாமா, கிளம்புங்க. வேன் ரெடி."

"என்ன மாமா, வேன்? அப்பா என்கூட வர்றாரு."

"யாரு சொன்னா?"

"அப்பாதான்!"

"என்கிட்டயும் மாமாதான் சொன்னாரு!"

"மெத்தை போட்ட வேன்ல ஆபரேஷன் ஆனவரக் கொண்டுபோவாங்களா? அவரென்ன பீரோவா?"

"நீ மட்டும் என்ன, அவரைப் பூட்டிவெச்சு டிவில பாக்கப்போற!"

சர்வர் இருவரையும் பார்த்துச் சிரித்தார். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற சிரிப்பு. தட்டில் விரிசல் விட்டாலும், காபி கொட்டினாலும், வாடிக்கையாளர் கெட்ட வார்த்தை சொன்னாலும் அதே சிரிப்பு. அவளுக்குள் எதுவோ அறுந்தது.

அவள் வராந்தாவுக்குப் போய், அடுத்த வார்டுக்குள் நுழையப்போன மார்க் மேடத்தின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், அவர்கிட்ட கேக்காதீங்க. ஏறச் சொல்லுங்க."

"என்னது?"

"வாயைக் கேட்டா அது முடியும்னுதான் சொல்லும். அது அதோட தொழில். காலைக் கேளுங்க."

"அம்மா, ஃபார்ம்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் கேக்க முடியும். ஏத்தி இறக்கிப் பாக்குறதுக்கு எனக்கு நேரமும் கிடையாது, ரூலும் கிடையாது."

"நானும் இதே மாதிரி சீட்லதான் உக்காந்திருக்கேன் மேடம். லைனைப் பாக்காம புகாரை மூடினா எங்க டேபிள்ல கணக்கு அழகா இருக்கும். மறுநாள் அதே வீட்டுலேருந்து போன் வரும். இவரு வீட்டுப் படியில விழுந்தா மறுபடி இங்கதான் வருவாரு. அப்போ யாரு பதிமூணு போட்டதுன்னு கேப்பாங்க."

மார்க் மேடம் சுவரில் சாய்ந்தார். ஒரு நிமிஷம் அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து வேலை இறங்கியது. "எல்லாருமே முடியும்னுதான் சொல்றாங்கம்மா" என்றார். "வீட்டுக்குப் போற அவசரத்துல சொல்றாங்க. எனக்கும் தெரியும்." பிறகு பிசியோவைக் கூப்பிட்டார்.

பிசியோ அறையின் நடுவில் மரப்படி ஒன்று இருந்தது. மூன்று படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. சர்வரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்து அதன் முன்னால் நிறுத்தினார்கள். தம்பியும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். ஏற்கெனவே அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்த நான்கைந்து பேர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் சர்வரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"மெதுவா ஏறுங்கய்யா" என்றார் பிசியோ. "வலிச்சா நில்லுங்க."

முதல் படியில் இடது காலை வைத்து ஏறினார். வலது காலை மேலே இழுத்தபோது கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தில் சிரிப்பு. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் எல்லாம் வெளுத்துப்போயிருந்தன.

"சூப்பர் மாமா!" என்றான் தம்பி.

"நீ வாயை மூடு" என்றாள் அவள்.

இரண்டாவது படி. இந்த முறை பிசியோ வலது காலை முதலில் வைக்கச் சொன்னார். வைத்தார். உடம்பின் பாரம் புது முட்டிமேல் இறங்கியதும் தொடை நடுங்கியது. வேர்வை மூக்கின் நுனியில் வந்து நின்றது. சிரிப்பு மட்டும் இறங்கவில்லை. இன்னும் ஒரு படி. இந்த ஆள் ஏறிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி நின்று, எல்லோருக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்து, இரண்டு மார்க்கையும் வாங்கிக்கொண்டு, மூன்று மாடி ஏறி வீட்டுக்குப் போய்க் காலை இறுக விட்டுவிடுவார்.

அவள் படிக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் கண்ணுக்கு நேராக.

"ஏங்க. இங்க யாரும் சாப்பிட வரல."

அவர் அவளைப் பார்த்தார்.

"யாருக்கும் நீங்க எதையும் கொண்டுபோய்க் குடுக்க வேணாம். யாரும் காத்துக்கிட்டு இல்ல. உங்களுக்கு வலிக்குதா, இல்லையா?"

சர்வரின் உதடு முதலில் ஒரு பக்கம் இறங்கியது, பிறகு மறுபக்கம். அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் மகள் அன்றுதான் பார்த்தாள். வயது சட்டென்று கூடிவிட்ட முகம்.

"வலிக்குதும்மா" என்றார். "உசிரு போகுது. முடியல. என்னால இதுக்கு மேல முடியாது."

பாத்துக்கலாம் வருமோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. முட்டி மடங்கியது. பிசியோ இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் இறக்கியபோது அவர் குழந்தை மாதிரி விசும்பினார். மார்க் மேடம் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்திருக்கச் சொன்னார், கட்டிலில் ஏறச் சொன்னார், குளியலறை வாசல்வரை போகச் சொன்னார். பார்த்தார், எழுதினார். எட்டு.

மகள் அழுதாள். தம்பி மெத்தையைத் திருப்பி எடுத்துப் போக வேண்டுமே என்று முணுமுணுத்தான். சர்வருக்குக் கண்ணீர் காயவில்லை, அதற்குள் இருவரையும் சமாதானப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

"விடு மாப்ள, அடுத்த தடவை நீ சொன்ன இடத்துக்கே வர்றேன். பாப்பா, நீயும் அழாத, அடுத்த தடவை உன் வீட்டுக்கும்..."

"அடுத்த தடவையா?" என்றாள் அவள். "இன்னொரு முட்டியையும் தேச்சுட்டு வரப்போறீங்களா?"

அவளே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கீழே வந்தாள். லிஃப்ட் திறந்ததும் நீளமான வராந்தா. கடைசியில் கீழ் வார்டு. அகலமான ஜன்னல், நடக்கப் பழகும் கம்பி, சுவரோரம் வரிசையாகக் கட்டில். முதல் கட்டிலிலிருந்து லாரி டிரைவர் கையை ஆட்டினார்.

"வா அண்ணே! ஃபெயிலாயிட்டியா? வாழ்த்துகள்!"

அவள் வாசலிலேயே நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். லாரி டிரைவரைத் தவிர மூன்று பேர் படுத்திருந்தார்கள். மற்ற கட்டில்கள் விரிப்பு இழுத்துச் செருகி, தலையணை நிமிர்த்தி, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தன.

"மத்தவங்க எல்லாம் பயிற்சிக்குப் போயிருக்காங்களா?" என்று வார்டு ஆயாவைக் கேட்டாள்.

"மத்தவங்கன்னு யாரும்மா? இவ்வளவு பேர்தான்."

"கட்டில் பத்தலைன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னா? மாசக்கணக்கா இப்படித்தான் கிடக்கு. மார்க் கம்மியா யாரும் வர்றதில்ல. நான் தினமும் தூசி தட்டிக்கிட்டு இருக்கேன்."

சர்வரை எந்தக் கட்டிலில் படுக்கவைப்பது என்று ஆயா கேட்டார். எது என்றாலும் சரி என்றார் அவர். அவள் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினாள். அதற்கு முன்னால், விரலை நீட்டி, அந்த வரிசையில் ஆளில்லாத கட்டில்களை எண்ணினாள்.

ஆறு.